காய்ச்சல் வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்

எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது கக்கூஸுக்காக, அதை அப்புறம் சொல்கிறேன். எந்த இடம் என்று பெயர் போட மாட்டேன், போட்டால் அடுத்த புதன்கிழமை ஐம்பது பேர் அந்த நர்ஸம்மாவைத் தேடிக்கொண்டு போய் நிற்பார்கள், பாவம் அவரே இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வைகைக்கு வடகரை, அவ்வளவு தெரிந்தால் போதும். இதை எழுதுவதற்குக் காரணம், எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் வாரம் தவறாமல் என்னிடம் வந்து கேட்கிற கேள்வி: தடுப்பூசிக்குப் பிரைவேட்டா, கவர்மெண்டா, காய்ச்சல் வராத ஊசி எங்கே போடுகிறார்கள்? பெரியவளுக்குத் தனியார் கிளினிக்கிலும் சின்னவனுக்குச் சுகாதார நிலையத்திலும் போட்டுப் பார்த்தவள் என்பதால் நான் ஏதோ நிபுணி ஆகிவிட்டேன். ஒவ்வொருத்தருக்கும் வாசலில் நின்று பதில் சொல்லி அடுப்பில் பால் பொங்கியதுதான் மிச்சம்.

முதலில் பிரைவேட் கதை. பெரியவள் 2020-இல் பிறந்தாள். அப்போது நிமோனியாவுக்கான ஊசி அரசு அட்டவணையில் தமிழ்நாட்டில் கிடையாது, 2021-இல்தான் இலவசமாக வந்தது. அதனால் எப்படியும் ஓர் ஊசிக்காவது வெளியே போக வேண்டியிருந்தது, போகிற இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். நல்ல கிளினிக்தான், ஏசி உண்டு, சுவரில் யானைப் படம் உண்டு, மீன் தொட்டி உண்டு. 'வலியில்லா ஊசி' போட்டுவிடலாம் என்றார்கள், காய்ச்சலே வராது என்றார்கள். ஆறாவது வாரத்து பில் மட்டும் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. என் வீட்டுக்காரர் கடையில் இரண்டு வாரம் ஸ்பேர் பார்ட்ஸ் விற்றால் நிற்கிற காசு. சரி, பிள்ளைக்குத்தானே என்று கட்டினோம். ஆறாவது வாரத்திலிருந்து போட்ட மூன்று தடவையும் சொன்னபடியே பெரிதாக ஒன்றும் வரவில்லை, லேசாகச் சிணுங்கினாள், தூங்கிவிட்டாள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வினை வந்தது ஒன்றரை வயது பூஸ்டரில். அதே வகை ஊசி, அதே மீன் தொட்டி. சனிக்கிழமை சாயங்காலம் போட்டுவிட்டு வந்தோம். ஞாயிறு காலை எழுப்பினால் பிள்ளை காலை ஊன்ற மாட்டேன் என்கிறாள். பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் தொடை முழுக்கச் சிவந்து, இடுப்புக்குக் கீழிருந்து முழங்கால் வரைக்கும் வீங்கி, தொட்டால் சுடுகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கிளினிக்குக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, ஆறாவது முறை ஒரு பெண் எடுத்து, "டாக்டர் ஊர்ல இல்ல மேடம், திங்கக்கிழமை வாங்க" என்று வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வேறு, ஊசி நரம்பில் பட்டிருக்கும், அவர் சொந்தத்தில் ஒரு பையனுக்கு இப்படித்தான் கால் வராமலே போனது என்று ஆரம்பித்துவிட்டார். அந்த அக்காவிடம் இன்றைக்கும் நான் சரியாகப் பேசுவதில்லை.

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே குழந்தைகள் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர், ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். காலைத் தொட்டுப் பார்த்தார், மடக்கி நீட்டினார், காய்ச்சல் பார்த்தார், பால் குடிக்கிறாளா, விளையாடுகிறாளா என்று கேட்டார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்துச் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்திலேயே சுற்றிவரக் கோடு போட்டார். தொடையில் ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் மாதிரி இருந்தது. "நாளைக்குக் காலைல பாருங்க. செவப்பு இந்தக் கோட்டுக்குள்ளயே நின்னுச்சுன்னா நீங்க வரவே வேண்டாம். கோட்டத் தாண்டிப் போனாலோ, காய்ச்சல் கூடினாலோ, சீழ் வச்ச மாதிரி இருந்தாலோ நேரா இங்க வாங்க" என்றார். நாலாவது, ஐந்தாவது டோஸ் போடும்போது சில பிள்ளைகளுக்கு இப்படிக் காலே வீங்கும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தானாக வற்றிவிடும் என்றும் சொன்னார். மூன்றாவது நாள் வற்றிவிட்டது. பேனாக் கோடு போவதற்குத்தான் ஒரு வாரம் ஆனது.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போய்ச் சண்டை போட்டேன். "அது சகஜந்தாம்மா" என்றார்கள். அந்த வார்த்தையைச் சனிக்கிழமையே சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அழுதிருக்க மாட்டேனே என்றுதான் கேட்டேன். பதில் இல்லை. சகஜம் என்றால் அது முன்கூட்டியே தெரிந்த சங்கதிதானே! தெரிந்ததைச் சொல்லாமல் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் என் கோபம். ஊசி மேல் எனக்குக் கோபமே கிடையாது. அந்தக் கிளினிக்குக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று மீன் தொட்டிக்கு.

சின்னவன் பிறந்தபோது நிலைமை வேறு. நிமோனியா ஊசி, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு, எல்லாமே அரசில் வந்துவிட்டது. அத்தைதான் சொன்னார், "ஏத்தா, நம்ம தெருமுக்குல சும்மா போடுறத விட்டுட்டு எதுக்கு அங்குட்டுப் போயி கொட்டிட்டு வர்ற" என்று. அத்தைக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அவருக்கு நேர் இளைய தம்பி கைப்பிள்ளையாக இருந்தபோது கக்குவான் இருமலில் போய்விட்டான். இருமி இருமி முகம் நீலம் பாரித்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும் என்று இன்றைக்கும் அதைச் செய்து காட்டுவார், கேட்க முடியாது. கழுதைப்பால் வாங்கிச் சங்கில் புகட்டினார்களாம். இப்போதும் நம் தெருக்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து பால் விற்கிறவர்களைப் பார்த்தால் அத்தை கதவைச் சாத்திக்கொள்வார். அதனால் எங்கள் வீட்டில் ஊசி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே எழாது. எங்கே போடுவது என்பதுதான் பேச்சு.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை. தமிழ்நாட்டில் தடுப்பூசி என்றால் புதன்தான், தெரியும்தானே. காலை எட்டே முக்காலுக்குப் போனேன், எனக்கு முன்னால் பதினோரு பேர். பெஞ்சு இரண்டே இரண்டு, ஃபேன் ஒன்று சுற்றியது, இன்னொன்று சுற்றுவதாகப் பாவனை செய்தது. பதிவு பண்ணுகிற இடத்தில் யூ-வின் என்கிற அரசு தடுப்பூசித் தளத்தின் சர்வர் படுத்துவிட்டது, எழுந்ததும் ஓடிபி கேட்டது, ஓடிபி அவர் போனுக்குப் போனது, அவர் கடையில் கஸ்டமரோடு இருந்தார், எடுக்கவில்லை. இந்தக் கூத்தில் அரை மணி நேரம் போனது. போகிறவர்கள் உங்கள் கையில் இருக்கிற போன் நம்பரையே கொடுத்து வையுங்கள். கக்கூஸ் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். பிரசவம் ஆகி ஒன்றரை மாதமான பெண்கள் வந்து மணிக்கணக்கில் உட்காருகிற இடத்தில் கக்கூஸைப் பூட்டி வைக்கலாமா? நட்சத்திரம் போனது இங்கேதான்.

ஆனால் ஊசி அறைக்குள்ளே போனதும் கதையே வேறு. நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், தலையில் மல்லிகைப்பூ, குரல் மட்டும் கொஞ்சம் அதட்டல். முதலில் பிள்ளையை எடை போட்டார். ஐஸ் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்ததும் என் முகத்துக்கு நேரே நீட்டி, அதில் ஒட்டியிருந்த ஊதா வட்டத்தைக் காட்டினார். வட்டத்துக்கு நடுவில் ஒரு சதுரம். "இந்தச் சதுரம் வட்டத்த விட வெளுத்து இருக்குல்ல, அப்பன்னா மருந்து சூடு படல, நல்லாருக்கு. ரெண்டும் ஒரே நெறமாயிருச்சுன்னா குப்பைக்குத்தான்." இந்த ஊர் வெயிலில் மருந்து கெடாமல் வந்ததா என்ற சந்தேகம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது, நான் கேட்காமலே பதில் வந்துவிட்டது. பிரைவேட்டில் இத்தனை தடவை போயும் குப்பியை யாரும் காட்டியதில்லை. சிரிஞ்சு கூட ஒரு தடவை அழுத்தினால் அப்படியே பூட்டிக்கொள்கிற ரகம், மறுபடி இழுக்கவே வராது. போட்டதும் முனையை ஒரு சின்னக் கருவியில் விட்டு வெட்டினார், டக்கென்று சத்தம்.

மூன்று குத்து, இரண்டு வாய் மருந்து. இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கானது, வலது கையில் தோலுக்குள்ளே மெல்லிசாகப் போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டும் ரோட்டாவும். பென்டா என்பது ஐந்து நோய்க்கு ஒரே குத்து: தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, அப்புறம் மூளைக் காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவருகிற ஹிப் கிருமி. இந்தியாவிலேயே இதை முதலில் ஆரம்பித்தது நம் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். எது எந்தக் காலில் என்று தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதிவிட்டு நர்ஸம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே போடுகிறேன், ஏனென்றால் இந்த விமர்சனமே அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான்.

"இந்தா பாரு தாயி, இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரும். வராட்டியும் சந்தோஷம், வந்தா பதறக் கூடாது. எடது காலு வீங்கும், தொட்டா வீல்னு கத்தும். ஒன்னு ரெண்டு நாளுதான். கால்ல எண்ணெய் தேய்க்காத, மஞ்சப் பத்துப் போடாத, வெந்நீர் ஒத்தடம் குடுக்காத, உருவி விடாத. குளுந்த தண்ணியில துணிய நனச்சுப் பிழிஞ்சு வச்சுக்க, அது போதும். பால நிறுத்திராத, கேக்கக் கேக்கக் குடு. ஊசி போட்ட எடத்துல பட்டாணி மாதிரி ஒரு கட்டி நிக்கும், வலிக்காது, சில வாரம் கழிச்சுக் கரையும், அத நசுக்கிப் பாக்காத."

அப்புறம் குரலைக் கொஞ்சம் மாற்றி, எதற்கு ஓடி வர வேண்டும் என்று சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு மேல் எதற்கும் அடங்காமல் அழுதால். வலிப்பு வந்தால். பிள்ளை துவண்டு போய், வெளுத்து, கூப்பிட்டால் முழிக்காமல் கிடந்தால். பால் குடிக்கவே மறுத்தால். உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு வாங்கினால். இரண்டு நாளைத் தாண்டிக் காய்ச்சல் நின்றால். வீக்கம் கூடிக்கொண்டே போய்ச் சீழ் வைத்தால். இதில் எது வந்தாலும் புதன்கிழமை வரட்டும் என்று காத்திருக்காதே, 108-க்குக் கூப்பிடு, பெரியாஸ்பத்திரிக்குப் போ. சும்மா சந்தேகம் கேட்க 104 இருக்கிறது, ராத்திரியும் எடுப்பார்கள். இதெல்லாம் அபூர்வம் என்றும் சொன்னார். அந்த ஒவ்வாமை அதிர்ச்சி பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்கிற மாதிரித்தான் வரும், வந்தால் பெரும்பாலும் போட்ட கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும், அதற்குத்தான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள், அட்ரினலின் மருந்து மேசை மேலேயே ஒரு டப்பாவில் தயாராக இருக்கிறது. எனக்கு முன்னால் போன ஒரு பெண், வீட்டில் உலை வைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பப் பார்த்தார். "ஒல கெடக்கட்டும், உக்காரு" என்று ஓர் அதட்டல், உட்கார்ந்துவிட்டார்.

ராத்திரி பதினொன்றே கால். சொன்னபடி வந்தது. தெர்மாமீட்டரில் 101.4. இடது தொடை கெட்டியாகச் சூடாக இருந்தது, வலது பக்கம் அவ்வளவு இல்லை. சேலைத் தொட்டிலில் போட்டால் அழுகிறான், மடியில் போட்டால் அழுகிறான், இடது கால் எதன் மீதும் படாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் சும்மா இருக்கிறான். நானும் அவரும் மாறி மாறி ஹாலுக்கும் வாசலுக்கும் இங்குட்டும் அங்குட்டும் நடந்தோம். அவன் அழும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன், ஒரே மூச்சாக நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. நடுவில் ஒரு பேனாவை எடுத்துச் சிவப்பைச் சுற்றி நானே கோடு போட்டேன், பழைய பாடம். காலையில் கோட்டுக்குள்ளேயே இருந்தது. மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது, பட்டாணிக் கட்டி மட்டும் ஒரு மாதம் வரை இருந்தது. சொல்லுங்கள், பெரியவளுக்கு வந்ததைவிட இவனுக்கு வந்த காய்ச்சல்தான் அதிகம், ஆனால் நான் பயந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஒரு முக்கியமான சங்கதி, பாராசிட்டமால். ஊசிக்கு முன்னாடியே கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் தெருவில் வழக்கம். வேண்டாம் என்றார் நர்ஸம்மா, காய்ச்சல் வந்த பிறகு கொடுத்தால் போதும். நானும் தேடிப் படித்தேன், முன்கூட்டியே வழக்கமாகக் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை. கொடுக்கும்போது அளவு எடையைப் பொறுத்தது, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதற்கு மேல் போகக் கூடாது, வேளைக்கும் வேளைக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். இதில் நான் செய்யப் பார்த்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். வீட்டில் பெரியவளின் சிரப் பாட்டில் இருந்தது, மெடிக்கலில் சின்னவனுக்கென்று சொட்டு மருந்து வாங்கி வந்தார் அவர். இரண்டும் ஒரே மருந்து, இரண்டிலும் பழ வாசனை. ஆனால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125. அதாவது சொட்டு மருந்து ஏறக்குறைய நாலு மடங்கு காரம். சிரப்பு மூடியை எடுத்து அதில் சொட்டு மருந்தை ஊற்றப் போய்விட்டேன், தூக்கக் கலக்கம். அத்தைதான் கையைப் பிடித்து, அந்த அம்மா என்ன எழுதியிருக்கார் பாரு என்றார். புத்தகத்தின் பின்பக்கம் எடையும் எத்தனை மில்லி என்பதும் எழுதி, 'சொட்டு மருந்து' என்று அடிக்கோடு போட்டிருந்தது. அத்தை மூன்றாம் வகுப்பு.

காய்ச்சல் வராத ஊசி எது என்று கேட்கிறவர்களுக்கு. அரசு ஊசியில் கக்குவான் கிருமியைக் கொன்று முழுசாக வைத்திருக்கிறார்கள், உடம்பு அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆட்டம் போடும், பாதிக் குழந்தைகளுக்குக்கூடக் காய்ச்சலோ வலியோ வரலாம். காஸ்ட்லி ஊசியில் அந்தக் கிருமியின் சில துண்டுகள் மட்டும், அதனால் ஆட்டம் குறைவு. 'வலியில்லா' என்பது வியாபாரப் பேச்சு, குத்தினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் துண்டு ஊசி கொடுக்கிற பாதுகாப்பு கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் துண்டு ஊசி முதலில் வந்தது ஜப்பானில். 1975 வாக்கில் அங்கே ஊசி போட்ட பிறகு இரண்டு குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வர, அரசு ஊசியை நிறுத்திப் பார்த்தது, திரும்ப ஆரம்பித்த பிறகும் பயத்தில் ஜனங்கள் வரவில்லை. 1979-இல் 13,000 பேருக்கு மேல் கக்குவான் வந்து 41 பேர் போனார்கள். அப்புறம் 1981-இல்தான் இந்தப் புது ஊசியைக் கொண்டுவந்தார்கள். ஒரு ராத்திரிக் காய்ச்சலைக் குறைக்க உண்டான ஊசிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. கையில் காசு இருந்து, ராத்திரி முழிக்க ஆள் இல்லை என்றால் அதைப் போடுங்கள், தப்பே இல்லை. காசு இல்லையே என்று மட்டும் யாரும் மனசு சங்கடப்பட வேண்டாம், இலவச ஊசி எந்த விதத்திலும் மட்டம் கிடையாது.

ஒன்பதாவது மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அன்றைக்கு ராத்திரி காய்ச்சல் வரும் என்று நான் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்தேன், வரவே இல்லை. நர்ஸம்மா ஏற்கெனவே சொல்லித்தான் விட்டார்: இது உயிரோடு இருக்கிற, ஆனால் பலம் குறைத்த கிருமி, உடம்பில் வேலை செய்ய நாளாகும், காய்ச்சல் வருவதானால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். நான்தான் மறந்துவிட்டேன். எட்டாம் நாள் உடம்பு சுட்டது, ஒன்பதாம் நாள் மார்பிலும் முதுகிலும் வேர்க்குரு மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். அத்தை பார்த்ததும், ஆத்தா வந்துட்டா என்று வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். புத்தகத்தைத் திறந்தால், தேதி போட்டு 'இந்த நாட்களில் காய்ச்சல், புள்ளி வரலாம்' என்று எழுதியிருக்கிறது. அத்தையிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப ஆத்தா தேதி சொல்லிட்டு வந்துருக்கா" என்றார். வேப்பிலை மூன்று நாள் இருந்தது, தாளிக்காத குழம்பையும் சாப்பிட்டோம், புள்ளியும் மறைந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வராது, சிலருக்குத்தான்.

போன மாதம் ஒன்றரை வயது பூஸ்டர். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி இடது தொடையில், தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது டோஸ் கையில், போலியோ சொட்டு, வைட்டமின் ஏ. மறுநாள் நொண்டினான், இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பைய நடந்தான், தொடை வீங்கியது, பேனா வேலை செய்தது, மூன்றாம் நாள் பூனையைத் துரத்தினான். அதே நாளில் பெரியவளுக்கும் ஐந்து வயது ஊசி, இது கையில். அவள் அழவில்லை, ஆனால் ஆட்டோக்காரரிலிருந்து மாவு மில்காரர் வரை எல்லாருக்கும் கையைத் தூக்கிக் காட்டி ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொன்னாள். கை இரண்டு நாள் வீங்கியிருந்தது, எழுத முடியவில்லை என்று வீட்டுப்பாடத்தைத் தள்ளிவிட்டாள், ஊசி போட்டது இடது கையில்.

பி.சி.ஜி. பற்றிக் கேட்காமலே ஒரு வரி: பிறந்ததும் இடது தோளில் போடுவார்களே, அது இரண்டு, மூன்று வாரம் கழித்துச் சின்னக் கொப்புளமாகி, உடைந்து, கசிந்து, தழும்பாக நிற்கும். அப்படித்தான் ஆகும். மருந்து தடவ வேண்டாம், கட்டுப் போட வேண்டாம்.

போகிறவர்களுக்கு: எட்டரைக்கே போய் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சைப் பிடியுங்கள், சுற்றுகிற ஃபேன் அதன் மேல்தான் இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். பிள்ளைக்குத் தொடை எளிதாகத் தெரிகிற மாதிரி உடுப்பு போடுங்கள், இறுக்கமான பேண்ட் வேண்டாம், திரும்ப மாட்டும்போது வீங்கின காலில் உரசும். போன தடவை காய்ச்சல் எவ்வளவு வந்தது, எத்தனை நாள் இருந்தது, வலிப்பு ஏதும் வந்ததா என்பதை அடுத்த ஊசிக்கு முன்னால் மறக்காமல் சொல்லுங்கள், அவர்களாகவும் கேட்பார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் பார்த்துப் போங்கள், எதிர்சேவைக்கு ரோட்டை அடைத்துவிட்டால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கக்கூஸ் சாவி பதிவு மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது, போன மாதம் கண்டுபிடித்தேன்.